அப்பா கொடுப்பதை வாங்கிக்கொள்ளுதல்: வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பசுமலைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் வியாழன் சாயங்காலம் ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். மனைவியைக் கூட்டிப்போக வந்து வாசலில் பைக்கோடு நிற்கும் கணவன்மார் இரண்டு பேர் மழை வந்தால் மட்டும் உள்ளே வருவார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்தேன். சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். சில வருஷமாகச் சேர்ந்த சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், ‘பிதாவின் அன்பு’ என்ற ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். கேள்விகளை எழுதினபடியே விட்டிருக்கிறேன்.

நான் போதகர் இல்லை. தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வசனங்கள் நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

கேள்வி: டீச்சர், ஆண்டவர் என்னை நேசிக்கிறார்னு சின்ன வயசுல இருந்து பாடுறேன். மூளைக்குத் தெரியுது. மனசுல இறங்கலை. ஏன்?

காரணம் ஆளுக்கு ஆள் மாறும். என் காரணத்தைச் சொல்கிறேன், உங்களுடையது அதில் தெரிகிறதா பாருங்கள்.

எங்கப்பா மில் தொழிலாளி. சம்பள நாள் சாயங்காலம் வரும்போது ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கி வருவார். வாழையிலைத் துண்டில் வைத்துத் தினசரித் தாளில் சுற்றியிருப்பார்கள். வீடு வந்து சேர்வதற்குள் எண்ணெய் ஊறி, தாளின் மறுபக்கத்து எழுத்தெல்லாம் இந்தப் பக்கம் தெரியும். அதைத் திண்ணை ஓரத்தில் வைப்பார். ஒரு தடவை இருமுவார். பிறகு கொல்லைப்பக்கம் கால் கழுவப் போய்விடுவார். அந்த இருமலுக்கு ‘சாப்பிடுங்க’ என்று அர்த்தம். அதற்கு மேல் பேச அவருக்கு வராது.

மூத்தவள் நான். தம்பி தங்கைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு என் பங்கை அம்மா தட்டில் போட்டுவிடுவேன். அந்த மாதம் கணக்கில் மார்க் குறைந்திருக்கும், இல்லையென்றால் தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்திருப்பேன். ஏதாவது ஒன்று இருக்கும். வாங்கித் தின்ன இந்த மாதம் எனக்கு யோக்கியதை இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொள்வேன். பல வருஷம் கழித்து, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, ஒரு மத்தியானம் கேட்டார்: “உனக்கு ஏம்மா பக்கோடா பிடிக்காமப் போச்சு?” எனக்குப் பதில் வரவில்லை. ரொம்பப் பிடிக்கும். மாதம் தவறாமல் கால் கழுவும் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷன்.

கொடுக்கிறவர் பக்கம் ஒரு குறையும் இல்லாதபோதே வாங்குகிறவர் கை மூடிக்கொண்டிருக்கலாம். ஆண்டவர் விஷயத்தில் நம்மில் பலருக்குச் சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் அன்பு காட்டும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டே, திண்ணையில் வைத்த பொட்டலத்தைத் தொடாமல் இருக்கிறோம்.

கேள்வி: எங்கப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவை அடிப்பாரு. என்னையும் விட்டதில்ல. ‘அப்பா’ங்கிற வார்த்தையைக் கேட்டாலே வயித்தைப் பிசையுது. ஆண்டவரை எப்படி அப்படிக் கூப்பிடுறது?

கூப்பிட வேண்டாம், இப்போதைக்கு. அந்தச் சொல் வாயில் வரவில்லை என்பதற்காக ஆண்டவர் உங்களைத் தள்ளிவிடப்போவதில்லை. சங்கீதங்களில் அவரைக் கன்மலை, கோட்டை, அடைக்கலம், மேய்ப்பர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் எது உங்களுக்குப் பயமில்லாமல் வருகிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். ‘பூமியில் உள்ள அப்பாவை நினைத்துக்கொள், அதைவிடப் பெரியவர் கடவுள்’ என்று சில பேர் சொல்லித்தருவார்கள். நல்ல அப்பா வாய்த்தவர்களுக்கு அது சரிப்படும். உங்களுக்கு அது கொடுமை. அடிக்கிறவரைப் பெரிதாக்கினால் பெரிய அடிதானே மிஞ்சும்?

வேதம் அப்பாக்களைப் பற்றி ஏமாந்துபோய்ப் பேசவில்லை. ஏசாவை விரும்பி யாக்கோபை ஒதுக்கிய ஈசாக்கு, ஒரு பிள்ளைக்கு மட்டும் பலவருண அங்கி தைத்துக்கொடுத்துக் குடும்பத்தைக் கலைத்த யாக்கோபு, மகள் தாமாருக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டுக் கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்ட தாவீது, எல்லாரையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறது. ‘என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்’ என்று 27ஆம் சங்கீதம் சொல்லும்போது, கைவிடுகிற தகப்பனும் உண்டு என்று ஒத்துக்கொண்டுதான் சொல்கிறது.

அப்பா என்பதற்கு அர்த்தம் தெரிய வேண்டுமானால் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டாம், இயேசுவைப் பாருங்கள். ‘என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்’ என்று அவர் பிலிப்புவிடம் சொன்னார். குழந்தைகளைத் துரத்திய சீஷர்கள் மேல் விசனப்பட்டவர், குஷ்டரோகியைத் தொட்டவர், ஊரே கல்லெடுத்து நின்றபோது அந்தப் பெண் பக்கம் நின்றவர். பிதாவின் குணம் அதுதான். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினபின், அந்தப் பழைய சொல் ஒருநாள் தானாக வரலாம். வராமலும் போகலாம்.

இன்னொன்று. இது பழைய கதை இல்லை, இன்றைக்கும் வீட்டில் அடி நடக்கிறது என்றால், ஜெபத்தோடு ஃபோனையும் எடுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. ‘மன்னித்துவிட்டேன்’ என்பதற்கு ‘திரும்ப அடிக்கலாம்’ என்று அர்த்தம் கிடையாது. அப்படி யாராவது உபதேசம் செய்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பைபிள்ல ‘அப்பா பிதாவே’னு இருக்கே, அந்த ‘அப்பா’ தமிழா?

இல்லை. அரமேயச் சொல், இயேசு வீட்டில் பேசிய மொழி. நம் காதுக்கு நம் சொல்லாகவே கேட்கிறது, அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது: மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4. கிரேக்கத்தில் எழுதியவர்கள் மாற்ற மனசில்லாமல் அப்படியே விட்ட சில சொற்களில் இதுவும் ஒன்று.

இது மழலைச் சொல், செல்லமாகக் கொஞ்சுவது என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வளர்ந்த பிள்ளைகளும் அதைத்தான் சொன்னார்கள். நம் ஊரில் ஐம்பது வயது ஆளும் அப்பாவை ‘வாங்கப்பா, உட்காருங்கப்பா’ என்பதில்லையா, அப்படி. மரியாதையும் உரிமையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. நம் ஜெபத்தில் ‘நீர்’ என்கிறோமே, அதுவும் இந்த ஜாதிதான். ‘நீ’ என்றால் ஒரு மாதிரி, ‘நீங்கள்’ என்றால் ஆபீஸ் மாதிரி.

இயேசு அதைச் சொன்ன இடத்தையும் பாருங்கள். கெத்செமனே. ‘இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்’ என்று வேர்த்து விறுவிறுத்துக் கேட்ட ராத்திரி. கேட்டது கிடைக்கவில்லை.

கேள்வி: புத்திரசுவிகாரம்னா தத்தெடுக்கிறதுதானே? பெத்த பிள்ளைக்கு ஒரு படி கீழதானே அது?

இந்தச் சீட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். வெளியில் சொல்லாவிட்டாலும் பல பேர் மனசில் இருப்பது இதுதான்.

பவுல் இந்தச் சொல்லை வைத்து ரோமாபுரிக்குக் கடிதம் எழுதியது கி.பி. 57 வாக்கில். அப்போது சிம்மாசனத்தில் இருந்தவன் நீரோ. அவன் கிலவுதியுராயனுக்குப் பிறந்தவன் இல்லை, கி.பி. 50ல் தத்தெடுக்கப்பட்டவன். கிலவுதியுவுக்குப் பெற்ற மகன் ஒருவன் இருந்தும் பட்டம் தத்துப் பிள்ளைக்குப் போனது. இன்னும் பின்னால் போனால், லூக்கா 2ல் குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்ட அகுஸ்துராயன், ஜூலியஸ் சீசருடைய சகோதரியின் பேரன். கி.மு. 44ல் சீசர் கொலையுண்டபின் உயிலைப் பிரித்தபோதுதான், அவனை மகனாக எழுதியிருப்பது ஊருக்குத் தெரிந்தது. லூக்கா 3ல் வருகிற திபேரியுராயனும் அகுஸ்துராயன் தத்தெடுத்த பிள்ளை. ஆக, ரோமாபுரிச் சபையில் இந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட ஒரு அடிமைக்கு ‘புத்திரசுவிகாரம்’ என்ற சொல் அனாதை விடுதியை ஞாபகப்படுத்தியிருக்காது. ராஜ்ஜியத்தையே எழுதிக்கொடுக்கும் காரியமாகத்தான் காதில் விழுந்திருக்கும்.

நமக்கு அது கீழாகத் தெரிய நம் ஊர்ச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். 1956ல் வந்த தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கும், அதில் சேர்த்துச் சொல்லப்பட்ட பௌத்தர், சமணர், சீக்கியருக்கும்தான். கிறிஸ்தவர்கள் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்க வேண்டுமானால் 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தில் ‘கார்டியன்’ என்றுதான் பெரும்பாலும் கையெழுத்துப் போட முடிந்தது. பிள்ளை மேஜரானால் அந்த உறவு காகிதத்தில் முடிந்துபோகும். உயில் எழுதாவிட்டால் சொத்து இல்லை. 2000ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் 2006ல் திருத்தம் வந்த பிறகுதான் எல்லா மதத்தாருக்கும் வழி தெளிவானது. 2015ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் பச்சையாகச் சொல்கிறது: தத்தெடுத்த பிள்ளை எல்லாக் காரியத்திலும் அந்தப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையைப் போலவே.

எனக்குத் தெரிந்து நிறைய விசுவாசிகள் ஆண்டவரை 1890 சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். சோறு போடுவார், ஃபீஸ் கட்டுவார், ஹாஸ்டல் வார்டன் மாதிரி கண்காணிப்பார், ஆனால் வீடு நம்முடையது இல்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போதும் இதே கார்டியன்களைத்தான் சொல்கிறார். பிள்ளை சிறியவனாக இருக்கும்வரை விசாரணைக்காரர்களின் கீழ் இருக்கிறான், அவனுக்கும் அடிமைக்கும் வித்தியாசம் தெரியாது, காலம் நிறைவேறினபோது தேவன் தம் குமாரனை அனுப்பினார் என்று. அதன் முடிவில்தான் ‘ஆகையால் இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய்’ என்கிறார். பெண்களுக்கும் சேர்த்துத்தான் ‘புத்திரன்’. அந்தக் காலத்தில் சொத்துப் போகிற வழி அது, அந்த இடத்தில் நம்மையும் நிறுத்துகிறார்.

கேள்வி: தயவு கிடைக்க எத்தனை நாள் உபவாசம் இருக்கணும்?

பூஜ்யம் நாள். உபவாசம் நல்லது, நானும் இருக்கிறேன். அது தயவுக்கு விலை ஆகாது. ‘இது செய்தால் அது செய்வேன்’ என்கிற பொருத்தனை நம் மண்ணில் ஊறியது. கோவிலை மாற்றினோம், பேரம் மாறவில்லை.

லூக்கா 15ல் இயேசு ஒரு கதை சொல்கிறார்: இரண்டு பிள்ளைகளில் இளையவன் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பி வருகிறான், அப்பா விருந்து வைக்கிறார். இளையவன் ஊதாரியாய்ப் போனதையே எல்லாரும் பேசுவார்கள். நீங்கள் மூத்தவனைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘நீர் ஒருக்காலும் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை’ என்று வாசலில் நின்று கத்துகிறான். இத்தனை வருஷம் உழைத்தேன், கட்டளையை மீறவில்லை, கூலி எங்கே என்கிற கணக்கு. இப்போது கதையின் ஆரம்பத்துக்குப் போய் 12ஆம் வசனத்தைப் பாருங்கள். இளையவன் தன் பங்கைக் கேட்டபோது அப்பா ‘அவர்களுக்கு’ ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று இருக்கிறது. அவர்களுக்கு. இரண்டு பேருக்கும். நியாயப்பிரமாணத்தின்படி மூத்தவனுக்கு இரண்டு பங்கு. அப்படியானால் அவன் கேட்டு அழுகிற அந்த ஆட்டுக்குட்டி அவன் தொழுவத்தில் அவன் பெயரில்தான் நிற்கிறது. அடித்துக் குழம்பு வைத்துச் சிநேகிதர்களைக் கூப்பிட யாரும் தடுக்கவில்லை. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார்: ‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது.’

பல தடவை வாசித்த கதை. அந்த ‘அவர்களுக்கு’ என் கண்ணில் பட்டது ஐம்பது வயதுக்குமேல்தான். பக்கோடா ஞாபகம் வந்தது.

இளையவன் விஷயத்திலும் ஒன்று. வழியெல்லாம் ஒரு வசனம் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான்: பாவம் செய்தேன், குமாரன் எனப்படப் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ஒப்பிக்கும்போது கடைசி வரியைக் காணோம். அதற்குள் அப்பா வேலைக்காரர்களைப் பார்த்து வஸ்திரம் கொண்டுவா, மோதிரம் போடு என்று ஆரம்பித்துவிட்டார். கூலிப் பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி: புது வருஷ வாக்குத்தத்த அட்டையில ‘தயவு’ வசனம் வந்துச்சு. வருஷம் பூரா கடனும் கஷ்டமும்தான். அட்டை தப்பா, நான் தப்பா?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து தட்டிலிருந்து எடுக்கிற அட்டைதானே? எனக்கு ஒரு வருஷம் ‘உன் சந்ததி பெருகும்’ வந்தது, அப்போது வயது 58. அட்டை அச்சடிப்பவர் உங்கள் கடனை நினைத்து அச்சடிப்பதில்லை. வசனம் நல்லது, அதை ராசிபலன் மாதிரி வாசிப்பதுதான் சிக்கல்.

‘தயவு’ என்பதைக் கார், வீடு, விசா என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லையே பாழாக்கி வைத்திருக்கிறோம். வேதத்தில் தயவு கிடைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். யோசேப்புக்குச் சிறைச்சாலைத் தலைவனுடைய தயவு கிடைத்தது என்று ஆதியாகமம் 39 சொல்கிறது. தயவு கிடைத்தது சிறைக்கு உள்ளே. கதவு திறக்கவில்லை. பானபாத்திரக்காரன் விடுதலையாகி அவனை மறந்துபோன பிறகும் இரண்டு வருஷம் உள்ளேயே இருந்தான். மரியாளைத் தூதன் ‘கிருபை பெற்றவளே’ என்று கூப்பிட்டான். அடுத்த அதிகாரத்திலேயே சிமியோன், ‘உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்’ என்கிறார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு அக்காவின் வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு வியாழக்கிழமை சாட்சி சொல்லும்போது அந்த அக்கா சொன்னார்: வராண்டாவில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த உசிலம்பட்டிக்காரம்மா தன் பாயை இழுத்துப் பாதியை என் பக்கம் விரித்து ‘படு தாயி’ என்றாள், படுத்துத் தூங்கிவிட்டேன், ஆண்டவர் படுக்க இடம் கொடுத்தார். அவ்வளவுதான் சாட்சி. அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. யாரும் ‘அல்லேலூயா’கூடச் சொல்லவில்லை, எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

கடன் தீர ஜெபிப்போம். வட்டிக்காரரிடம் பேச வேண்டியதையும் பேசுவோம். ஆனால் கடன் இருப்பதால் தயவு இல்லை என்று கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: போன மாசம் கால் உடைஞ்சது. ஆண்டவர் எதுக்காகவோ என்னை அடிக்கிறாரா?

பைக்கில் ஹைவேஸில் எதிர்ப்பக்கம் வந்தவன் இடித்தான் என்று நீங்களே சொன்னீர்கள். அவனை விட்டுவிட்டு ஆண்டவரைப் பிடிப்பானேன்?

நம்மிடம் ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று ஒரு பழமொழி. அதை எபிரெயர் 12க்குள் கொண்டுபோய் வைத்து வாசிக்கிறோம். ‘கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சிக்கிறார்’ என்றதும் கண்முன் பிரம்பு வருகிறது. சிட்சை என்பது ‘சிக்ஷா’ என்ற வடசொல்லின் வழி வந்தது. அதன் மூல அர்த்தம் கற்பித்தல். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல்லும் பிள்ளையை வளர்த்து ஆளாக்குகிற பயிற்சியைச் சொல்வது. அதில் கண்டிப்பு உண்டு, வலியும் உண்டு, அந்த அதிகாரமே மறைக்காமல் சொல்கிறது. அதற்காக ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு பாவத்தைத் தேடி நூல் கட்ட வேண்டியதில்லை. யோபுவின் சிநேகிதர்கள் அதைத்தான் செய்தார்கள், கடைசியில் திட்டு வாங்கினார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுல ‘எங்களுக்கு மீனாட்சி அம்மா இருக்கா, உங்களுக்கு அப்பா மட்டும்தானா’னு கேட்டாங்க. என்ன சொல்றது?

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்கள், சண்டைக்குப் போகாதீர்கள். ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்று ஏசாயா 66ல் இருக்கிறது. பால் குடிக்கும் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் மறப்பதில்லை என்று அதே ஏசாயாவில் 49ல். இயேசு தம்மைக் குஞ்சுகளைச் சிறகின்கீழ் கூட்டும் கோழிக்கு ஒப்பிட்டார். பிதா என்று கூப்பிடக் கற்றுத்தந்தவர் அவர், அதனால் அப்படிக் கூப்பிடுகிறோம். அப்பா என்றால் அம்மாவிடம் இருக்கும் இளக்கம் இருக்காது என்பது நம் வீட்டு அனுபவம், வேதத்தில் அப்படிப் பிரித்து வைக்கவில்லை.

கேள்வி: எல்லாரும் ஆராதனையில அழுறாங்க. எனக்குக் கண்ணீரே வரல. எனக்கு அந்த அன்பு கிடைக்கலையா?

எனக்கும் வராது. வெங்காயம் உரித்தாலே தண்ணீர் வராத கண். வருகிறவர்கள் அழட்டும்.

கேள்வி: ஒரே பிதான்னு சொல்றோம். ஆனா எங்க ஊர்ல கல்யாணம்னா சபைக்குள்ளயே சாதி பாக்குறாங்க. அப்ப யாருக்கு அவர் அப்பா?

பாட்டிலில் வந்ததிலேயே கனமான சீட்டு. வேறு பேனாவில், அழுத்தி எழுதியிருந்தது.

பரமண்டல ஜெபத்தில் ‘எங்கள் பிதாவே’ என்கிறோம். கத்தோலிக்கர் ‘எங்கள் தந்தையே’ என்பார்கள். சொல் மாறினாலும் ‘எங்கள்’ மாறவில்லை. தனியாக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தாலும் ‘என் பிதாவே’ என்று ஆரம்பிக்க அதில் இடமில்லை. அவரை அப்பா என்று கூப்பிட்ட அடுத்த நொடி, பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவர் நமக்கு அண்ணன், தங்கச்சி. அண்ணன் வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டேன், அண்ணனைப் புதைத்த பக்கம் என்னைப் புதைக்காதே என்றால் கூப்பிட்ட கூப்பாடு பொய்.

இது நேற்று வந்த வியாதி இல்லை. 1606ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்று பேர் வாங்கிய கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி, அதற்கு முன்பே பரவர்களுக்காக இங்கே இருந்த கிறிஸ்தவக் கோவிலிலிருந்து ஒதுங்கித் தனி வீடு எடுத்து, காவி கட்டி, ஆரம்பத்தில் உயர்சாதியாரையே தேடினார். தமிழையும் வடமொழியையும் அவர் அளவுக்குக் கற்ற வெள்ளைக்காரர் அன்று இல்லை, அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த இரண்டு வாசல் நல்ல வழக்கம் இல்லை. பிற்பாடு வந்த புராட்டஸ்டண்ட் மிஷன்களிலும் இதே சண்டை நடந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் சில ஊர்க் கல்லறைகளில் சாதிக்கொரு பக்கம் இருக்கிறது.

சீட்டு எழுதியவருக்கு: அவர் உங்களுக்கு அப்பா. அதில் சந்தேகமே வேண்டாம். உங்களை ஒதுக்குகிறவர்கள்தான் வாசலில் நின்று உள்ளே வரமாட்டேன் என்கிற மூத்தவன். ‘உம்முடைய குமாரனாகிய இவன்’ என்று சொல்கிறானே தவிர ‘என் தம்பி’ என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நாங்கள், அதாவது சபையில் வசதியாக உட்கார்ந்திருக்கும் நாங்கள், இதைப் பேசாமல் பிதாவின் அன்பைப் பற்றிக் கூட்டம் போடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: சரி, வாங்கிக்கிறதை எப்படித்தான் பழகுறது?

மேலே சொன்னதெல்லாம் கேட்டு மண்டையை ஆட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை, கைப்பழக்கம். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் “காபி சாப்பிடுறீங்களா?” என்றால் “இல்லைங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்” என்போம். குடித்திருக்கமாட்டோம். மூன்று தடவை கேட்டபிறகு “அரை டம்ளர் போதும்” என்று வாங்குவோம். இதை மரியாதை என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஆண்டவரிடமும் இதே நாடகம். மன்னித்தேன் என்கிறார், ‘இல்லை ஆண்டவரே நான் பாவி, நான் புழு’ என்கிறோம். தாழ்மை மாதிரி இருக்கும். உண்மையில் அவர் நீட்டின டம்ளர் ஆறிக்கொண்டிருக்கிறது. அதனால் முதலில் மனுஷரிடம் பழகினேன். யாராவது ‘புடவை நல்லா இருக்கு டீச்சர்’ என்றால் ‘பழசு, தள்ளுபடியில எடுத்தது’ என்று சொல்லாமல் ‘சந்தோஷம்மா’ என்று நிறுத்திக்கொள்வது. சிரிப்பீர்கள். எனக்கு நாலு மாதம் பிடித்தது.

அடுத்து, ஜெபத்தில் முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் கேட்பதில்லை, மன்னிப்புகூட. சும்மா உட்கார்ந்து ‘இவர் என் அப்பா, நான் இவர் வீட்டில் இருக்கிறேன்’ என்று மட்டும். மனசு கேஸ் புக்கிங், பேத்தி ஃபீஸ் என்று ஓடும். ஓடட்டும், திரும்ப வரும்.

திருவிருந்தை நான் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். பீடத்தின் முன் முழங்காலிட்டு இரண்டு கையையும் குவித்து ஏந்துகிறோம். அங்கே யாரும் தானே எடுத்துக்கொள்வதில்லை. வைக்கிறார்கள், வாங்குகிறோம். பக்கத்தில் கலெக்டர் இருந்தாலும் கீரைக்காரம்மா இருந்தாலும் அதே அளவு துண்டு. மேவிபோசேத் ஞாபகம் வருவான்: தாவீது ராஜாவின் சிநேகிதன் யோனத்தானுடைய மகன், இரண்டு காலும் முடமானவன், லோதேபாரில் ஒளிந்து கிடந்தவன், தன்னைச் ‘செத்த நாய்’ என்று சொல்லிக்கொண்டவன். தாவீது அந்தப் பேச்சுக்குப் பதிலே சொல்லவில்லை, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார். யோனத்தானுக்காக அந்தத் தயவு. கால் கடைசிவரை சரியாகவில்லை. ராஜா பந்தியில் மேசைக்குக் கீழே இருந்த காலை யாரும் பார்க்கவில்லை.

கேள்வி: இதெல்லாம் பழக எத்தனை நாள் ஆகும் டீச்சர்?

எனக்கு அறுபது தாண்டியாகிவிட்டது. போன வாரம் அந்த டயாலிசிஸ் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சிம்மக்கல் பக்கம் ஒண்டிக்குடித்தனம், ஸ்டவ்வில் ஒரே பாத்திரம். “காபி போடவா டீச்சர்?” என்றார். வாய் பழக்கதோஷத்தில் “வேண்டாம்மா, இப்பத்தான்” வரைக்கும் போய்விட்டது. அப்புறம், “போடு. சீனி கொஞ்சம் தூக்கலா” என்றேன்.